மூன்றாம் நம்பர் பேனல்

பிப்ரவரி 6

அன்புள்ள குட்டைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரரின் முதுகு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். உன் பரவாயில்லைகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் நாற்பது பையன்களுக்கு நடுவே நாம் இருவர் மட்டும் பெண்களாக உட்கார்ந்திருந்த முதல் நாள், வாத்தியார் நம்மைப் பார்த்து "நெட்டையும் குட்டையும்" என்று சிரித்தாரே, அப்போதும் நீ பரவாயில்லை என்றுதான் சொன்னாய். சண்டைக்குப் போனவள் நான். சண்டையில் நான் ஜெயித்தேன், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

போனில் பேசலாமே என்று கேட்காதே. உன் ஆபீசில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அதோடு, கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. இன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் பாட்டில் ஆலையில் மூன்று பெரிய கம்ப்ரசர்கள் இருப்பது உனக்குத் தெரியும். அவை ஊதும் காற்றில்தான் உருகிய கண்ணாடி பாட்டிலாகிறது. காற்று நின்றால் ஆலை நின்றது. போன வருடம் மூன்றாம் நம்பருக்குப் பெரிய மோட்டார் வைத்தார்கள். அதன் சுவிட்ச் பெட்டியில், அதாவது பேனலில், ஃப்யூஸ் மட்டும் பழைய அளவு. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்பைத் தாங்காமல் வாரத்துக்கு ஒரு தடவை ஃப்யூஸ் போய்விடுகிறது. பொருத்தமான அளவில் வாங்கித் தாருங்கள் என்று நாலு தடவை எழுதிக் கொடுத்தேன். ஃப்யூஸ் வரவில்லை. நேற்று உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புது ஃப்யூஸ் வரும் வரைக்கும் அந்த இடத்தில் செம்புத் துண்டைப் போட்டு ஓட்டலாமாம். எந்த மகானுபாவன் எழுதினானோ. உனக்குத் தெரிந்தால் சொல், அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன்.

மேனேஜரின் அறைக்குப் போனேன். "மெயின் பிரேக்கர் இருக்குல்லம்மா? ஏதாவது ஆனா அது டிரிப் ஆகும். அப்புறம் என்ன பயம்?" என்றார்.

எரிந்துபோன ஃப்யூஸ் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அவர் மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து அதை உடைத்துக் கொட்டினேன். பீங்கான் குழாய், உள்ளே மணல், மணலுக்கு நடுவே போன வெள்ளித் தகட்டின் மிச்சம். தகடு உருகிய இடத்தைச் சுற்றி மணலும் உருகிக் கண்ணாடிக் கட்டியாக நின்றிருந்தது. அதை அவர் கையில் கொடுத்துச் சொன்னேன். ஷார்ட் ஆனால் மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறப் பார்க்கும். ஒரு நொடியை இருநூறு துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு கழிவதற்குள் இந்தத் தகடு உருகிவிடும். மின்னோட்டம் பாதி வழிகூட ஏறியிருக்காது. அதன் சூட்டை மணல் குடித்துவிடும். செம்புத் துண்டு அப்படி உருகாது. பிரேக்கரும் நிறுத்தும், ஆனால் மெயின் பிரேக்கரை வேண்டுமென்றே தாமதமாக வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் ஒரு பேனலில் கோளாறு வந்தால் ஆலை முழுக்க இருண்டுவிடும். அது யோசித்து நிறுத்த ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரம் முழுக்க மின்னோட்டம் உச்சத்திலேயே நிற்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. கூட்டிப் பெருக்கிப் பார்த்தால், வெளியே வரும் நெருப்பு நூற்றுக்கணக்கான மடங்கு.

அவர் அந்தக் கண்ணாடிக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். பிறகு சுற்றறிக்கையில் பச்சை மையால் "உடனே செய்யவும்" என்று எழுதினார்.

செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் என் வீட்டுக்காரர், "உன் கோபத்துக்கு முதல்ல ஒரு ஃப்யூஸ் போடணும்" என்கிறார். போட்டாலும் நிற்காது.

உன்
நெட்டை


பிப்ரவரி 14

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். மேனேஜரின் மேஜையில் மணலைக் கொட்டியதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த மேஜைக்கண்ணாடியை அவர் தினமும் தானே துடைப்பார் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு.

வீட்டுக்காரர் எழுந்து நடமாடுகிறார். ஆனால் லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். பெரியவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், சின்னவன் படிப்பதுபோல் நடிக்கிறான். வீடு இப்போது என் ஒருத்தியின் வேலையை நம்பித்தான் ஓடுகிறது. நான் துணைப் பொறியாளராகி ஆறு மாதம் ஆகிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். நாற்காலி இன்னும் உடம்புக்குப் பழகவில்லை.

செம்புத் துண்டு விஷயத்தில் நீ சொல்வது சரிதான். இருந்தாலும் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது, பார். பிரேக்கர் நிச்சயம் டிரிப் ஆகும். தற்காலிக ஏற்பாடுதானே. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்களுக்கும் அவரவர் நெருக்கடி இருந்திருக்கும். ஃப்யூஸுக்கு ஆர்டர் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

நீ கொஞ்சம் வளைந்துகொடுத்துப் போ. எப்போதும் முட்டிக்கொண்டே இருந்தால் உனக்குத்தான் நெற்றி வீங்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
குட்டை


மார்ச் 2

அன்புள்ள குட்டைக்கு,

நெற்றி வீங்கிவிட்டது. மூன்று மெமோ.

நான் செய்யாததை வேறு ஷிப்டில் செய்துவிட்டார்கள். காலையில் வந்து பேனலைத் திறந்தால் மூன்று செம்புத் துண்டுகள், சாண் பிள்ளைகள்போல் பளபளவென்று வரிசையாக உட்கார்ந்திருந்தன. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு மூன்றையும் கழற்றினேன். கையிலிருந்த பழைய அளவு ஃப்யூஸைப் போட்டேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் போய்விட்டது. காற்று நின்று, உருகிய கண்ணாடியைக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று. முதல் மெமோ. மறுபடி செம்பு, மறுபடி கழற்றினேன், இரண்டாவது மெமோ. மூன்றாவது முறை பேனலுக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சேலையில் முடிந்துகொண்டேன். பூட்டை அறுத்துவிட்டார்கள். மூன்றாவது மெமோவில், இன்னொரு தடவை செய்தால் வேலையை விட்டு நிறுத்துவோம் என்று எழுதியிருக்கிறது.

கம்ப்ரசர் அறையில் இருக்கும் பாட்டுக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேனா? ஐம்பது வயதுக்காரர். அவ்வளவு இரைச்சலிலும் தனக்குத் தானே பாடிக்கொண்டிருப்பார். யாருக்கும் கேட்காது, வாய் மட்டும் அசையும். பூட்டு அறுபட்ட அன்று அவர் என்னிடம் வந்து, "ஏன்க்கா இதுக்குப் போய் இவ்வளவு மல்லுக்கட்டுற? ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். அவர் எனக்கு மூத்தவர்தான், ஆனாலும் ஆலையில் எல்லோருக்கும் நான் அக்கா.

அவரிடம் விளக்கிச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. இன்று காலையிலிருந்து நான் அந்தப் பேனலைத் தொடவில்லை. நீ சொன்னபடி வளைந்துவிட்டேன். சந்தோஷம்தானே?

உன்
நெட்டை


மார்ச் 15

குட்டை,

முந்தாநாள் காலை பதினொன்றே காலுக்கு மூன்றாம் நம்பர் பேனல் வெடித்தது.

கம்ப்ரசர் தானாக நின்றிருக்கிறது. மறுபடி கிளப்பும் பொத்தான் பேனலின் கதவில் இருக்க வேண்டும். அது உடைந்து நாலு மாதமாகிறது. உள்ளே கையை விட்டுத்தான் அழுத்த வேண்டும். பாட்டுக்காரர் கதவைத் திறந்து குனிந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்த ஸ்பேனர் நழுவி, ஃப்யூஸுக்குக் கீழே உள்ள இணைப்புகளின் மேல் குறுக்காக விழுந்துவிட்டது.

நான் எதிர்ப் பக்க அறையில் இருந்தேன். சத்தத்தைவிட வெளிச்சம்தான் முதலில் வந்தது. சுவரில் என் நிழலைப் பார்த்தேன். அப்புறம் ஆலை முழுக்க நிசப்தம். பிரேக்கர் டிரிப் ஆகிவிட்டது. ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. நீ சொன்னது போலவே நிச்சயம் டிரிப் ஆனது.

ஓடினேன். பேனலின் கதவு எதிர்ச்சுவர் வரைக்கும் போயிருந்தது. செம்பு ஆவியாகி, அறையெங்கும் செம்பு நிறத்தில் படிந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டையும் முன்னால் நீட்டியபடி, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை எரிந்துகொண்டிருந்தது. என் சேலைத் தலைப்பால் அணைத்தேன். "ஸ்பேனர் விழுந்துடுச்சுக்கா. ஸ்பேனர் விழுந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகள், கழுத்து, முகத்தின் வலப் பக்கம். கண் தப்பியது. உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்று காலை சொன்னார்கள். விரல்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் தேதியிலிருந்து பதிமூன்றாம் தேதி வரை பதினோரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தப் பதினோரு நாளுக்கு வேறு யாரையும் கை காட்ட முடியாது.

நெட்டை


மார்ச் 20

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரை நினைத்து, உன்னை நினைத்து. உன்னை நீயே வறுத்துக்கொள்ளாதே. நீ செய்ய வேண்டியதற்கு மேல் செய்தாய்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் படி. விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை இங்கே வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் பேனலைத் திறந்ததும், பையில் கருவியை வைத்துக்கொண்டு குனிந்ததும் அவருடைய கவனக்குறைவு என்று அதில் இருக்கிறது. மின் பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் உன் கையெழுத்தும் வேண்டும். நீ போட மறுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன்.

நெட்டை, ஸ்பேனர் விழுந்தது உண்மைதானே? அதை அவரே சொன்னார் என்று நீதானே எழுதினாய்? உண்மையாக உள்ள ஒன்றில் கையெழுத்துப் போடுவதில் என்ன பாவம்? அவருடைய வைத்தியத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். உன் மூன்று மெமோக்களும் கிழித்துப் போடப்படும். எல்லோரும் மெதுவாக இதிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

உன் தோழியாகக் கேட்கிறேன்.

குட்டை


மார்ச் 25

குட்டைக்கு,

ஆமாம், ஸ்பேனர் விழுந்தது உண்மை. அதில் ஒரு எழுத்தையும் நான் மறுக்கவில்லை.

இன்னொரு உண்மை சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே அறையில், இதே அமைப்புள்ள இரண்டாம் நம்பர் பேனலில் ஒரு பெயிண்டர் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கம்பி பிரஷ் நழுவி அதே இடத்தில் குறுக்காக விழுந்தது. அங்கே ஃப்யூஸ் இருந்தது. என்ன ஆயிற்று என்று என் பதிவேட்டில் ஒன்றரை வரி இருக்கிறது: "பிரஷ் விழுந்து ஷார்ட். மூன்று ஃப்யூஸ் மாற்றப்பட்டது. ஆளுக்குக் காயம் இல்லை." அன்றைக்கு அந்தப் பெயிண்டரை நான் திட்டினேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதே தவறுதான். ஒருவர் டீ குடிக்கப் போனார், இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இடையில் மாறியது மனிதனுடைய கவனம் இல்லை, மூன்று செம்புத் துண்டு. மனிதன் கை நழுவத்தான் செய்யும். நழுவக் கூடாது என்று சட்டம் போட்டு யாரும் மின்சாரத்தைப் பழக்கியதில்லை. நழுவினால் எவ்வளவு எரியலாம் என்பதைத்தான் நம்மால் தீர்மானிக்க முடியும். அதை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்கிறேன்.

கேட்டதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது. எங்கள் ஆபீஸ் கோப்பில் அந்தச் சுற்றறிக்கையின் முழுப் பிரதி இருந்தது. எனக்கு வந்தது முதல் பக்கம் மட்டும். இரண்டாம் பக்கத்தில் தொழில்நுட்பக் குறிப்பு: "மெயின் பிரேக்கர் போதிய பாதுகாப்பு அளிக்கும். செம்புத் துண்டு பயன்படுத்தலாம்." கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீ பாலிடெக்னிக்கிலிருந்தே அப்படித்தான் இழுப்பாய்.

பிப்ரவரியில் நான் அந்த மகானுபாவன் யாரென்று கேட்டேன். அவரவர் நெருக்கடி என்று நீ எழுதினாய். வளைந்துபோ என்றாய். நான் வளைந்தேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, அரசாங்க மின் ஆய்வாளர் முன்னால் விசாரணை. அந்த இரண்டாம் பக்கத்தை அவரிடம் கொடுக்கப்போகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ய மனமில்லை, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். மறுக்க வேண்டுமானால் வந்து மறுத்துக்கொள்.

நெட்டை


மார்ச் 28

மின் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என் கணக்கில் பிழை இல்லை. பிரேக்கர் டிரிப் ஆகும் என்று எழுதினேன், டிரிப் ஆனது. அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குக் காகிதத்தை மேஜையில் வைத்து, ஆறு மணிக்குள் வேண்டும் என்றார்கள். நான் இல்லாவிட்டால் அடுத்த மேஜையில் போட்டிருப்பார்கள். உன்னால் கத்த முடிகிறது. உன் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறீர்கள். பாலிடெக்னிக்கில் நீ சண்டை போட்டபோதெல்லாம் யார் போய் வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு உன்னை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தது என்று யோசித்துப் பார்.

கொடுப்பதைக் கொடுத்துக்கொள். நான் வரப்போவதில்லை. இனி எழுதவும் வேண்டாம்.

துணைப் பொறியாளர்,
தொழில்நுட்பப் பிரிவு


ஏப்ரல் 4

குட்டை,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். உன் பேச்சை நான் கேட்ட ஒரே ஒரு தடவை என்ன ஆயிற்று என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

விசாரணை எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நீளமான மேஜை, நடுவில் மின் ஆய்வாளர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும் மனிதர். ஒரு பக்கம் மேனேஜரும் உங்கள் ஆபீஸ் வக்கீலும். எதிர்ப் பக்கம் நான். ஆட்கள் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூன்று ஜன்னலிலும் தலைகள்.

மேனேஜர்தான் ஆரம்பித்தார். "ஒரே கேள்விதாம்மா. ஸ்பேனர் விழாம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது சார். ஸ்பேனர் விழாத ஆலை ஒண்ணு காட்டுங்க. அங்கே நான் ஃப்யூஸே கேட்க மாட்டேன்."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. பேனலைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். எல்லோரையும் கம்ப்ரசர் அறைக்குக் கூட்டிப் போனேன். மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் கரி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இரண்டாம் நம்பரின் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். செம்புப் பட்டையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பள்ளம். சுற்றிலும் பெயிண்ட்கூடக் கருகவில்லை. அதுதான் பிரஷ் விழுந்த இடம் என்றேன். ஆய்வாளர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி, கரியாக நின்ற மூன்றாம் நம்பரைப் பார்த்தார். மறுபடி அந்தப் பள்ளத்தைத் தடவினார்.

அந்தப் பெயிண்டரையும் தேடிப் பிடித்து வரவழைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்போல் வந்திருந்தார். என்ன நடந்தது என்று ஆய்வாளர் கேட்டார்.

"டப்புன்னு ஒரு சத்தம் சார். பயந்துட்டேன். அப்புறம் இந்தக்கா வந்து திட்டுனாங்க. அவ்வளவுதான்."

"காயம்?"

"திட்டுனதுதான் சார்."

மேனேஜர்கூடச் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், செம்புத் துண்டு போட அனுமதித்தது யார் என்று ஆய்வாளர் கேட்டார். வக்கீல் எழுந்து, அது உள்ளூர் ஆட்கள் தாமாகச் செய்தது, தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது என்றார். இரண்டாம் பக்கம் என் பையில் இருந்தது. சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ, பையில் கையை விட்டேன், கை வரவில்லை. நீ போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் ஆகாதவள்போல் பக்கத்தில் உட்கார்ந்து, "நோட்டை எடு" என்பாயே, அந்த முகம்தான் கண்ணில் நின்றது. அப்புறம் நீட்டிய இரண்டு கைகள் ஞாபகம் வந்தன. காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

ஆய்வாளர் அதைப் பார்க்கவே இல்லை. "இது ஏற்கெனவே என்கிட்ட இருக்கு" என்றார். தன் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பிரேக்கர் டிரிப் ஆகுமா என்று மட்டும் கணக்குப் பார்த்தேன். அதற்குள் எவ்வளவு எரியும் என்று கணக்குப் பார்க்கவில்லை. எனக்கு அது பார்க்கத் தெரியும். பார்த்தால் கையெழுத்துப் போட முடியாது என்றும் தெரியும். அதனால் பார்க்கவில்லை. என்னை எழுதச் சொன்னவர்களின் பெயர்கள் கீழே உள்ளன. அவர்கள் சொன்னது என் கையெழுத்தைக் குறைத்துவிடாது. பொறுப்பு கம்ப்ரசர் அறையில் குனிந்த மனிதருடையது அல்ல."

வக்கீல் உட்கார்ந்தார்.

என் கடிதத்துக்கு நீ பதில் போட்ட தேதி இருபத்தெட்டு. நீ ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில் தேதி இருபத்தொன்பது. அந்த ஒரு நாள் நீ என்ன செய்தாய்? யாரோடு பேசினாய்? எனக்குத் தெரியாது. என்னால் கத்த முடிகிறது என்று எழுதினாய். நீ கத்தாமல் செய்துவிட்டாய். அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் யாரிடமும் இல்லாத தைரியம் அது, என்னையும் சேர்த்துத்தான்.

செம்புத் துண்டுகள் அத்தனையையும் கழற்ற உத்தரவு. மூன்றாம் நம்பருக்குச் சீல். பாட்டுக்காரர் மீது குற்றம் இல்லை என்று எழுதியாயிற்று. அவர் வேலைக்கு வரும் வரை முழுச் சம்பளம். எனக்கு ஒரு மாற்றல் ஆணை வந்தது, எங்கேயோ ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணுவதற்கு. கிழித்தால் குற்றமாகும் என்பதால் மடித்து மேனேஜரின் மேஜைக்கண்ணாடி மேலேயே வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நம்பரில் சரியான ஃப்யூஸை என் கையால் போடும் வரைக்கும் நான் எங்கேயும் போவதாக இல்லை. இன்று காலை ஷிப்டில் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. அக்கா போனால்தான் நாங்களும் போவோம் என்று வாசலில் நின்றார்கள். ஒன்பது மணிக்கு ஆணையை வாபஸ் வாங்கினார்கள்.

உன் கதி என்ன ஆயிற்று என்று எழுது. பதில் வரவில்லையென்றால் நேரே கிளம்பி வருவேன்.

உன்
நெட்டை


ஏப்ரல் 19

அன்புள்ள நெட்டைக்கு,

நீ கிளம்பி வராதே, நான் உன் ஊரில்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீடு இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். வராததற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன்.

என்னை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பெயர்களை வாபஸ் வாங்கினால் மன்னிப்பார்களாம். பதில் அனுப்பிவிட்டேன். அதே பெயர்களை, இந்த முறை பதவியோடு சேர்த்து எழுதினேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இப்போது முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு கடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். அந்த இருபத்தெட்டாம் தேதி என்ன நடந்தது என்று கேட்டாய். ஒன்றும் நடக்கவில்லை. பெரியவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மின்னோட்டத்தின் வர்க்கம், நேரம், அந்தப் பெருக்கல் கணக்கு. தப்பாகப் போட்டிருந்தாள். திருத்திக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் மூன்றாம் நம்பர் பேனலுக்கு நான் போடாமல் விட்ட கணக்கைப் போட்டேன். விடையைப் பார்த்தேன். நீ நூற்றுக்கணக்கான மடங்கு என்று எழுதியிருந்தாய். நீ குறைத்துச் சொல்லியிருந்தாய்.

பாட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கைகள் இரண்டும் கட்டுக்குள். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவர் மனைவி பக்கத்தில் இருந்தார். நான் ஆபீசிலிருந்து வந்தவள் என்றதும் அவரே முந்திக்கொண்டு, "என் தப்புதாம்மா. ஸ்பேனரை நான் பையில வெச்சிருக்கக் கூடாது" என்றார். விசாரணை முடிந்து பதினைந்து நாளாகியும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"ஸ்பேனர் விழும்னு தெரிஞ்சுதாங்க அங்கே ஃப்யூஸ் வெக்கிறது" என்றேன். "அதை எடுத்துட்டு ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டது நான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெளிய போங்க" என்றார். குரல் உயரவில்லை. போனேன்.

மறுநாளும் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்று, எதற்கு வந்தாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் நின்றேன். பார்வை நேரம் முடியும் வரை நின்றேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. போகச் சொன்னாலும் போகக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

இன்று நான்காம் நாள். அவர் மனைவிக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவருக்குத் தண்ணி கேட்டா குடுக்கணும். கை இல்ல" என்றார். சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. இருபது நிமிடம் கழித்துத் தண்ணீர் என்றார். கொடுத்தேன். குடித்தார். என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போதைக்கு என்னால் இது ஒன்றுதான் முடிகிறது. இதைச் செய்யாமல் உன் வீட்டுக்கு வந்தால், பழையபடி நான் உனக்காக மன்னிப்புக் கேட்டவள் என்ற தோரணையில் வந்து உட்கார்ந்துவிடுவேன். எனக்காக நானே கேட்டுவிட்டு வருகிறேன். எத்தனை நாளாகும் என்று தெரியாது.

நீ கதவைத் திறக்காவிட்டாலும் நிற்பேன், சொல்லிவிட்டேன்.

உன்
குட்டை